டிராம் நிற்கும் இடத்திலேயே தொடங்கும் மலை
வாசகர் கேள்வி – பதில்

ஆஸ்திரியாவில் டிரோல் மாநிலத்தின் தலைநகரான இன்ஸ்ப்ரூக்குக்கு நான் துணையின்றிச் சென்று வந்ததைப் பற்றி இப்பகுதியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பொதுவான கேள்விகளாக்கி விடை தருகிறேன்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவள் நான். இதுவரை ஐரோப்பாவைக் குழுவோடு மட்டுமே பார்த்திருக்கிறேன். முதன்முறையாகத் தனியே செல்ல நினைக்கும் எனக்கு, அவ்வளவு சிறிய ஊர் இரண்டாம் நாளே சலித்துவிடாதா? எத்தனை நாள் ஒதுக்குவது?

பதில்: தனியே முதல் பயணம் செல்பவருக்கு அந்த ஊரின் அளவுதான் பெரிய துணை. ஏறத்தாழ 1,30,000 பேர் வாழும் நகரம். ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடந்தே போய்விடலாம். வழி தவறினாலும் வடக்கே சுவர்போல் எழுந்து நிற்கும் நோர்ட்கெட்டே மலைத்தொடரைப் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்ளலாம். அதே சமயம் அது வெறும் சுற்றுலா ஊராகவும் இல்லை. 1669இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் இருப்பதால் தெருவெங்கும் மாணவர்கள். காலை எட்டு மணிக்கு டிராமில் ஏறினால் வேலைக்குப் போகிறவர்களோடுதான் நிற்பீர்கள்.

சலிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். குழுவோடு போகிறவர்கள் பொன்கூரை எனப்படும் மாடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, அதன் 2,657 முலாம் பூசிய செப்பு ஓடுகளைப் பற்றி வழிகாட்டி சொல்வதைக் கேட்டுவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். தனியே போகிற உங்களுக்கு அதற்குச் சில நிமிட நடைத்தொலைவில் இருக்கும் அரண்மனைத் தேவாலயத்தில் ஒரு முற்பகல் முழுவதையும் செலவிடும் உரிமை உண்டு. பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனின் நினைவுக் கல்லறையைச் சுற்றி, ஆளைவிடப் பெரிய 28 வெண்கலச் சிலைகள் இருபுறமும் வரிசையாக நிற்கின்றன. ஊரார் இவற்றைக் ‘கறுப்பு மனிதர்கள்’ என்று அழைக்கிறார்கள். உண்மையில் அவர்களுள் பெண்களும் உண்டு. ஆர்தர் மன்னரின் சிலை ஓவியர் டியூரர் வரைந்து கொடுத்த வடிவத்தைக் கொண்டு வார்க்கப்பட்டது. சிலைகளின் கைகளை உற்றுப் பாருங்கள்: எதையோ பிடித்திருப்பதுபோல விரல்கள் மடிந்திருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இராது. இறுதிச் சடங்கில் மெழுகுவத்தி ஏந்தி நிற்பதற்காக அமைத்த கைகள் அவை. இத்தனை ஏற்பாட்டுக்கும் உரியவரோ இங்கே இல்லை. 1519இல் இறந்த அவர் வீனர் நொய்ஸ்டாட் என்ற வேறு நகரத்தில் புதைக்கப்பட்டார். பழைய கடன் பாக்கிக்காக இன்ஸ்ப்ரூக் விடுதிக்காரர்கள் கடைசிக் காலத்தில் அவருடைய பரிவாரத்துக்கு இடம் தர மறுத்துவிட்டார்கள் என்றொரு கதையும் ஊரில் வழங்குகிறது.

மரியா தெரஸா வீதியின் தென்கோடியிலுள்ள வெற்றி வளைவையும் இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். 1765இல் அரச குடும்பத்துத் திருமணம் ஒன்றுக்காக அதைக் கட்டினார்கள். விழா நடந்துகொண்டிருக்கும்போதே மணமகனின் தந்தையான பேரரசர் இறந்துபோனார். அதனால் தெற்கு முகத்தில் திருமண மகிழ்ச்சியையும் வடக்கு முகத்தில் துக்கத்தையும் செதுக்கினார்கள். பெரும்பாலோர் ஒரு முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நான்கு இரவுகள் ஒதுக்குங்கள் என்பது என் கருத்து. ஊரைப் பார்க்க இரண்டு நாள் போதும். மற்ற இரண்டும் மலைக்காகக் காத்திருப்பதற்கு.

கேள்வி: எந்த மாதம் நல்லது? மலை தெரியாமல் திரும்பிவிடுவேனோ என்பதுதான் என் கவலை.

பதில்: மலையில் நடப்பது நோக்கமானால் ஜூன் பிற்பாதி முதல் செப்டம்பர் முடிய, பனி பார்ப்பது நோக்கமானால் ஜனவரி, பிப்ரவரி. தவிர்க்க வேண்டியவை இரண்டு இடைவெளிகள். பனிச்சறுக்குக் காலம் முடியும் ஏப்ரல், மே மாதங்களிலும், அது தொடங்குமுன் நவம்பர் தொடக்கத்திலும் கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்துவது வழக்கம். அறை வாடகை குறைவாக இருக்கிறதே என்று அந்த வாரங்களில் முன்பதிவு செய்தால், மலையை அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். பயண நாளை உறுதி செய்யுமுன் கேபிள் கார் இயங்கும் தேதிகளைப் பாருங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

கோடையில் பிற்பகல் இடியுடன் மழை வருவது சாதாரணம். ஆகவே மலைக்குக் காலையில் போங்கள், தேவாலயத்தையும் அருங்காட்சியகத்தையும் பிற்பகலுக்கு வையுங்கள். இன்னொன்று, கேட்பதற்குத் தொலைபேசிபோல் ஒலிக்கும் ‘ஃபோன்’ என்ற தென்காற்று. இத்தாலியப் பக்கத்து ஈரக்காற்று ஆல்ப்ஸின் தெற்குச் சரிவில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, பிரென்னர் கணவாய் வழியாக வறண்ட காற்றாக இன்ஸ்ப்ரூக்கின்மேல் இறங்குகிறது. இறங்கும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறுகிறது. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் இது மிகுதி. அன்றைக்கு வானம் கண்ணாடிபோல் தெளிந்து, மலைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன என்று தோன்றும். நீங்கள் மகிழ்ந்துபோய்க் கேபிள் கார் நிலையத்துக்கு ஓடினால், பலத்த காற்றினால் இன்று இயங்காது என்ற அறிவிப்பு வரவேற்கும். ஊர்க்காரர்களில் பலர் அன்றைய தலைவலிக்கும் எரிச்சலுக்கும் இந்தக் காற்றையே காரணம் சொல்வார்கள்.

தனியே போவதன் முழுப் பயன் இங்கேதான் இருக்கிறது. காலையில் திரையை விலக்கி மலையைப் பார்த்துவிட்டு அன்றைய திட்டத்தைப் புரட்டிப் போடலாம். யாரையும் கலந்துகொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: பெண் தனியாகப் போகலாமா? ஊருக்குள் மட்டுமா, மலைக்குமா? ‘மலையில் தனியாக நடக்காதே’ என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

பதில்: ஊருக்குள் இரவு பத்து மணிக்கு ஆற்றங்கரையில் நடந்து வந்தேன், எந்த நகரத்திலும் வைத்திருக்கும் எச்சரிக்கைக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மலையைப் பற்றி உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இன்ஸ்ப்ரூக்கின் சிறப்பும் சிக்கலும் ஒன்றே: மலை மிக அருகில் இருக்கிறது. 574 மீட்டர் உயரத்திலுள்ள நகர மையத்தில், ஸாஹா ஹடீத் வடிவமைத்து 2007இல் திறக்கப்பட்ட நிலையத்தில் மலை ரயில் ஏறுகிறீர்கள். அது உங்களை ஹுங்கர்புர்க் குடியிருப்பில் இறக்குகிறது. அங்கிருந்து ஒரு கேபிள் கார் 1,905 மீட்டரிலுள்ள ஸேக்ரூபேவுக்கு. இன்னொன்று 2,250 மீட்டரைத் தாண்டிய ஹாஃபெலேகாருக்கு. காப்பிக் கடையிலிருந்து எழுந்து அரை மணி நேரத்தில் பாறையும் பனியும் மட்டுமே உள்ள இடத்தில் நிற்பீர்கள். உடல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மனம் இன்னும் கடைத்தெருவில்தான் இருக்கிறது. அதனால்தான் அங்கே செருப்புடனும் கைப்பையுடனும் ஆட்களைப் பார்க்க முடிகிறது.

அவர்களில் நானும் ஒருவன். ஜூன் மாதத்து ஒரு காலையில், நகரத்தில் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்க, துணிக் காலணியோடு ஹாஃபெலேகார் போய்ச் சேர்ந்தேன். நிலையத்திலிருந்து 2,334 மீட்டர் உச்சிக்குக் கால் மணி நேர ஏற்றம்தான். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் காலடியில் முழு நகரமும் விமான ஓடுபாதையும். மறுபக்கம் ஊர் என்று எதுவுமே கண்ணில் படாத கார்வெண்டல் மலைகள். அந்த மறுபக்கத்தை இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று பாதையில் இறங்கினேன். நிழலில் கரையாமல் கிடந்த பனித்திட்டு ஒன்றில் கால் வைத்ததும் ஒரு முழம் வழுக்கி உட்கார்ந்தேன். எழுந்து பார்ப்பதற்குள் மேகம் சரிவில் ஏறி வந்து, எனக்கு முன்னால் இருந்த சிவப்பு வெள்ளைக் குறியிட்ட பாறை மட்டும் தெரிந்தது. ஆபத்து என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. இருபது நிமிடம் அந்தப் பாறையின் பக்கத்திலேயே நின்றேன்; மேகம் விலகியதும் நிலையம் கூப்பிடு தொலைவில் இருந்தது. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பு, காற்றைவிடக் குளிராக இருந்தது.

ஆகவே தனியே நடக்கிறவருக்கு நான் சொல்வது இது. கிளம்புமுன் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை விடுதியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தங்கும் இடத்தில் ஆள் இல்லாவிட்டால் வீட்டுக்குச் செய்தி அனுப்புங்கள். மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகளில் பாதையின் தரத்தை நிறத்தால் குறித்திருப்பார்கள்: சிவப்பு நடுத்தரமான மலைப்பாதை, கறுப்பு கடினமானது. தனியாக இருக்கும்போது கறுப்புப் பாதையில் கால் வைக்காதீர்கள். மலைநடை பழகாதவரானால் சிவப்பையும் விட்டுவிடுங்கள். பலகையில் எழுதியிருக்கும் நேரம் உட்காராமல், படம் எடுக்காமல் நடப்பவருடைய நேரம். கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதை மேலே போய்ச் சேர்ந்தவுடன் பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் ஸேக்ரூபேவிலிருந்து ஊருக்கு 1,300 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டியிருக்கும், மறுநாள் முழங்கால் அதைச் சொல்லும்.

மலை மீட்பு எண் 140; ஐரோப்பியப் பொது அவசர எண் 112. ‘எஸ்ஓஎஸ் ஈயு ஆல்ப்’ என்ற செயலியில் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடத்தை மீட்பு மையத்துக்கு அனுப்பிவிடும். கைபேசி அலைவரிசை கிடைக்காத இடத்துக்குப் பழைய முறை இருக்கிறது: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் அல்லது விளக்குச் சைகை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. மூன்று முறை பதில் சைகை வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள் என்று பொருள்.

முற்றிலும் தனியாக நடக்க மனம் துணியவில்லை என்றால் பாட்ஷர்கோஃபெல் மலையிலுள்ள ஸிர்பென்வேக் பாதைக்குப் போங்கள். கேபிள் காரில் ஏறி, ஆல்ப்ஸ் பைன் மரங்களுக்கு நடுவே பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். நல்ல நாளில் முன்னும் பின்னும் ஆட்கள் இருப்பார்கள். அதுவும் வேண்டாம் என்றால், கோடையில் சுற்றுலா அலுவலகம் தங்கும் விருந்தினர்களுக்காக வழிகாட்டியுடன் நடத்தும் நடைகளில் முன்பதிவு செய்து சேர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: காப்பீடு, விசா, செலவு?

பதில்: விசா தேவைப்படும் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பல நாடுகள் போவதானால் அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பது பலருக்கும் தெரியும். அந்தக் காப்பீட்டில் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும் அடங்குகிறதா என்று ஆவணத்தில் படித்துப் பார்ப்பவர் சிலர்தான். ஆஸ்திரியாவில் அது இலவசம் இல்லை. ஆயிரக்கணக்கான யூரோ ஆகும். அடங்கவில்லை என்றால், இன்ஸ்ப்ரூக்கையே தலைமையிடமாகக் கொண்ட, 1862இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரிய ஆல்ப்ஸ் சங்கத்தில் உறுப்பினராகலாம். வெளிநாட்டவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள், உறுப்பினர் கட்டணத்திலேயே மீட்புக் காப்பீடும் வருகிறது, மலைக்குடில்களில் தங்கச் சலுகையும் கிடைக்கிறது.

செலவில் ஒரு கணக்கு. இரண்டு இரவு அல்லது அதற்கு மேல் தங்கினால், திட்டத்தில் சேர்ந்துள்ள விடுதிகள் ‘வெல்கம் கார்டு’ என்ற அட்டையை இலவசமாகத் தரும். நகரப் பேருந்துக்கும் டிராமுக்கும் அதுவே போதும். 24, 48, 72 மணி நேரங்களுக்கு விற்கும் ‘இன்ஸ்ப்ரூக் கார்டு’ வேறு. அருங்காட்சியகங்களும் கேபிள் காரில் ஒருமுறை ஏறி இறங்குவதும் அதில் அடக்கம். இதை வந்த உடனே வாங்க வேண்டாம். வானிலையைப் பார்த்து, தெளிவான நாள் எதுவோ அதன் முந்தைய மாலையில் வாங்குங்கள்.

ரயிலில் முனிச்சிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வியன்னாவிலிருந்து நான்கு மணிக்குச் சற்று மேல். முன்கூட்டியே வாங்கினால் சலுகைக் கட்டணம் உண்டு. ஆனால் அது அந்த ஒரு ரயிலுக்கே செல்லும். விமானம் தாமதமானால் சீட்டு வீண். வந்திறங்கும் நாளுக்கு அதை வாங்காதீர்கள், ஊர் திரும்பும் நாளுக்கு வாங்குங்கள்.

கேள்வி: சைவம் மட்டுமே உண்பவன். பட்டினி கிடக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம்; ஆனால் பாலாடைக்கட்டியையும் மாவுப்பண்டத்தையும் சற்று அதிகமாகவே சாப்பிட நேரும். கேஸெஷ்பெட்ஸ்லே என்பது பாலாடைக்கட்டியில் புரட்டி மேலே வறுத்த வெங்காயம் தூவிய சிறு மாவுருண்டை. இரும்புச் சட்டியோடு வரும், ஒருவரால் முடிப்பது கடினம். காஸ்பிரஸ்க்னோடல் என்ற பாலாடைக்கட்டி வடை பெயரளவில் சைவம். ஆனால் அதை மாட்டிறைச்சிச் சாற்றில் மிதக்கவிட்டுக் கொடுப்பதே அங்கே வழக்கம். ‘மிட் ஸலாட்’, அதாவது காய்கறிக் கலவையுடன் என்று சொல்லி வாங்குங்கள். டிரோல் நாட்டுப் பதார்த்தங்களில் ‘ஷ்பெக்’ எனும் உப்பிட்ட பன்றியிறைச்சி எதிர்பாராத இடத்திலெல்லாம் கிடக்கும். ‘ஓனே ஷ்பெக்’ என்ற இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முட்டை சேர்த்துக்கொள்பவரானால், பிய்த்துப்போட்ட தடித்த அப்பம்போன்ற கைஸர்ஷ்மார்னே ஒரு வேளை உணவாகிவிடும்.

தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. குழாயில் வருவது நோர்ட்கெட்டே மலையின் ஊற்று நீர்.

ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதீர்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடைகள் மூடினால் திங்கட்கிழமை காலைதான் திறக்கும். ரயில் நிலையத்துக் கடைபோன்ற சில விதிவிலக்குகளே உண்டு. நான் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு. தங்கும் இடத்தில் வரவேற்பாளர் இல்லை, சாவி, வாசலில் எண்பூட்டுப் போட்ட ஒரு சிறு பெட்டிக்குள், எண்ணோ மின்னஞ்சலில், கைபேசியோ உயிர் விட்டிருந்தது. எதிர்வீட்டு அம்மையார் மின்னேற்றியைக் கொடுத்ததோடு இரண்டு ஆப்பிள்களையும் கொடுத்தார், மறுநாள் காலை எனக்கு அவைதான் உணவு. சாவி எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடில்களில் பல இடங்களில் ரொக்கம்தான் செல்லும் என்பதையும் அதே காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாள் முழுவதும் மழை பெய்தால்?

பதில்: ரயிலில் பத்து நிமிடத்தில் ஹால் என்ற உப்பு நகரத்துக்குப் போங்கள். இன்ஸ்ப்ரூக்கைவிடக் கூட்டம் குறைந்த பழைய நகரம் அது. 1486இல் பெரிய வெள்ளி நாணயத்தை அச்சிட்ட நாணயச்சாலை அருங்காட்சியகமாக இருக்கிறது. இன்றைய டாலர் என்ற சொல்லுக்கு மூலமான ‘தாலர்’ வகை வெள்ளி நாணயங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி. இல்லையென்றால் 6ஆம் எண் டிராமில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். நகரத்தின் ஓரத்தில் திடீரென்று காட்டுக்குள் நுழைந்து, ஈர மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இக்ல்ஸ் கிராமத்துக்கு ஏறும். அங்கே ஒன்றும் பார்க்காமல் அதே டிராமில் திரும்பி வந்தாலும் நட்டமில்லை.

கேள்வி: பகல் எப்படியோ போய்விடும். மாலையில் தனியே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்: முதல் மாலை நானும் அறையிலேயே ரொட்டி தின்றேன், அதனால் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நண்பகலுக்குப் பெரிய சாப்பாட்டை மலைக்குடிலில் வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை பாதியாகிவிடும். அங்கே நீண்ட மரமேசைகள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே பலகையில் நெருங்கி உட்காருவது இயல்பு. ‘இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை’, இங்கே இடம் இருக்கிறதா, என்று கேட்டால் நகர்ந்து இடம் தருவார்கள். 1,000 மீட்டருக்கு மேலே மரியாதைப் பன்மையை விட்டுவிட்டு எல்லோரும் ஒருவரையொருவர் ஒருமையில் அழைத்துக்கொள்வார்கள் என்பது அங்கே சொல்லப்படாத விதி. என் எதிரே இருந்த முதியவர் என்னிடம் முதலில் கேட்டது பெயரையோ நாட்டையோ இல்லை. என் துணிக் காலணியைக் காட்டி, ‘இதோடா வந்தாய்?’ என்றார்.

மாலையில், வெளிச்சம் நெடுநேரம் இருக்கும் கோடையானால், பல்கலைக்கழகத்தின் அருகே இன் ஆற்றின் கரைச்சுவருக்குப் போங்கள். கையில் எதையாவது வைத்துக் கொறித்தபடி மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தனியாக இருப்பவர் அங்கே கண்ணில் படமாட்டார். உருகிய பனியின் சாம்பல் கலந்த பச்சை நீர் கால்களுக்குக் கீழே விரைந்தோடும்.

உணவகத்துக்குப் போவதானால் ஆறு, ஆறரைக்கே போய்விடுங்கள். கூட்டம் சேருமுன் இருவர் மேசை ஒன்றை ஒருவருக்குத் தருவதில் அவர்களுக்குத் தயக்கம் இராது. ‘ஷ்டாம்டிஷ்’ என்று சிறு பலகை வைத்த மேசையில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். அது நாள்தோறும் வரும் ஊர்க்காரர்களுக்கு உரியது. கடை முழுவதும் காலியாகக் கிடந்தாலும் உங்களை எழுப்பிவிடுவார்கள்.